பின்பக்கத் தகடு

காலையிலிருந்து என் விரல்களில் ஃபிலிம் கழுவும் ஹைப்போவின் வாடை. சோப்பு போட்டேன், எலுமிச்சைத் தோலைத் தேய்த்தேன், போகவில்லை. நீங்கள் போன பிறகு இந்த வீட்டில் இந்த வாடை வருவது இதுதான் முதல் தடவை. உங்கள் பெரிய மரக் கேமராவை வாங்கிக்கொள்ள நாளை சென்னையிலிருந்து ஒருவர் வருகிறார். அதைக் கொடுத்தனுப்புமுன், ஃபிலிம் ஹோல்டருக்குள் கிடந்த என் படத்தைக் கழுவிவிட நினைத்தேன்.

நம் ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டு எப்போதும் உங்களுடையது. கறிவேப்பிலைக்கு அதில் இடமில்லை, தேதி முடிந்த ஃபிலிம் பெட்டிகளுக்கு உண்டு. மூடிப்போன அச்சகங்களிலிருந்து அள்ளிக்கொண்டு வருவீர்கள். பெட்டியில் தேதி போட்டிருப்பது படிப்பதற்குத்தானே என்று கேட்டால், "காலாவதின்னு அட்டதான் சொல்லுது, ஃபிலிம் சொல்லல, கான்வென்ட்டு" என்பீர்கள். கான்வென்ட்டில் படித்தவள் என்பதால், கல்யாணமான நாளிலிருந்து எனக்கு உங்கள் வாயில் அதுதான் பெயர். டெவலப்பர் தட்டைப் பனிக்கட்டிமேல் வைத்து, இருட்டில் விரலால் புரட்டிப் புரட்டி, பழைய ஃபிலிமில் படரும் மங்கலை அடக்கியவள் நான். ஸ்ரீபெரும்புதூர் ஸ்டூடியோ பலகையில் இருந்தது உங்கள் பெயர் மட்டும்.

பழைய ஃபிலிமில் உங்களுக்கு இன்னொரு சௌகரியமும் இருந்தது. கம்பெனி பூமி பூஜைக்கு வரும் பெரிய மனிதர்கள் ஓசியில் படம் கேட்பார்கள். ஃபிலிமை மூடியிருக்கும் தகட்டை இழுக்காமலே, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பந்தாவாக ஷட்டரை அழுத்துவீர்கள். பிறகு வந்து கேட்டால், "ஃபிலிம் பழசு சார், வரல." நமக்குள் அதற்கு வெத்து ஷாட் என்று பெயர். திரைக்குப் பின்னால் நின்று நானும் சிரிப்பேன்.

என்னை ஒரு படம் எடுங்கள் என்று கேட்டபோதெல்லாம் உங்களுக்கு வெளிச்சம் சரியில்லை. கடைசிக் கிறிஸ்துமஸுக்குத்தான் நீங்களாகவே கூப்பிட்டீர்கள். கல்யாணப் பட்டுப்புடவையை உடுத்திக்கொண்டு, இந்த மண்ணூர் வீட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். பக்கத்து வீட்டு ஸ்டெல்லா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்து, "இன்னாக்கா, புதுப் பொண்ணு மாரி குந்திகினு கீற" என்றாள். கம்பெனி பஸ் போய், தூசி அடங்கும்வரை காத்திருந்தோம். உங்கள் கை தடவித் தடவி ஹோல்டரைச் செருகியது. இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் என்றாலே சண்டைக்கு வருவீர்கள். தகட்டை நான் வந்து இழுக்கட்டுமா என்று கேட்டேன்.

"நீ குந்து. இது என் வேல."

மூச்சை அடக்கி உட்கார்ந்தேன். பண்டிகை முடியட்டும், கழுவலாம் என்றீர்கள். பொங்கலுக்கு நீங்கள் இல்லை.

அதன் பிறகு நான் அதைத் தொடாததற்குக் காரணம் துக்கம் என்று ஸ்டெல்லா நினைக்கிறாள். துக்கமில்லை. எனக்கும் வெத்து ஷாட்தானோ என்ற சந்தேகம்.

ஹோல்டருக்கு இரண்டு முகம், முகத்துக்கு ஒரு ஃபிலிம், ஒரு தகடு. தகட்டின் வெள்ளை விளிம்பு தெரிந்தால் ஃபிலிம் புதிது. இழுத்துப் படமெடுத்த பிறகு தகட்டைப் புரட்டிச் செருகினால் கறுப்பு விளிம்பு தெரியும். வெத்து ஷாட்டில் தகட்டை நீங்கள் தொடவே மாட்டீர்கள். இதில் ஒரு பக்கம் கறுப்பு. அதை நம்பித்தான் இன்று குளியலறை ஜன்னலைக் கம்பளியால் அடைத்தேன்.

கழுவி, ஹைப்போவில் போட்டு, விளக்கைப் போட்டுப் பார்த்தேன். முழுவதும் கரி. வயதான ஃபிலிம் சாம்பலாகத்தான் மங்கும்; இப்படி அடுப்புக்கரியாகாது. திறந்த பகல் வெளிச்சத்தில் காட்டினால் மட்டுமே இப்படி ஆகும். ஹோல்டரைத் திருப்பிப் பார்த்தேன், மறுமுகத்தில் வெள்ளை விளிம்பு. லென்ஸைப் பார்க்கும் முன்பக்கத் தகட்டுக்குப் பதிலாக, உங்களைப் பார்க்கும் பின்பக்கத் தகட்டை இழுத்திருக்கிறீர்கள்.

என்னை ஏமாற்றவில்லை. அது தெரிந்துவிட்டது. தெரிந்தும் ஆறவில்லை. தகட்டை என்னை இழுக்க விட்டிருந்தால் நான் அந்த ஃபிலிமில் இருந்திருப்பேன். நான் மூச்சடக்கி உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க, திறந்திருந்த ஃபிலிம் உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்திருந்த ஃபிலிம் மூடிக் கிடந்தது.

கேமரா நாளை போகும். ஹோல்டர்களையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். கொடுப்பேன், இந்த ஒன்றைத் தவிர. இதன் முன்பக்கத்தில் வெள்ளை விளிம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. கீழ்த்தட்டிலேயே வைத்துவிட்டேன். உங்கள் பெட்டிகளை வெளியே எடுத்தாயிற்று. பக்கத்தில் கறிவேப்பிலை வைத்திருக்கிறேன்.