யார் கண்ணிலும் படாமல் அருவிக்கு

ஆடி 3, வெள்ளி

காலையிலிருந்து சாரல். நேற்று துவைத்ததே காயவில்லை. பால், தீப்பெட்டி, மனைவி கோமதிக்குக் கால்சியம் மாத்திரை: வாங்கியாயிற்று. மின்கட்டணம்: நாளை.

மகள் உமா வங்கிக்குக் கிளம்பியதும் டிவியில் வீடியோ கேம் பெட்டியைப் போட்டேன். மருமகன் மஸ்கட் போகும்போது விட்டுப்போனது. கல்லூரி நூலகராக ஓய்வு பெற்றவன் எழுபது தாண்டி இதைத் தொடுவதா என்று கூச்சம்தான். ஜன்னலைச் சாத்திக்கொள்கிறேன்.

கடலோரக் கோட்டை ஒன்று. உள்ளே போய் ஒரு சாவியை எடுத்து வரவேண்டும், அவ்வளவே. எந்த வழி என்று சொல்வதே இல்லை. சாக்கடை உண்டு, கூரை உண்டு, சமையல்கட்டுப் பின்வாசல் உண்டு. காவலாளிகளை வெட்டிச் சாய்த்துக்கொண்டும் போகலாம். நான் இதுவரை ஒருவனையும் தொடவில்லை. திரைச்சீலைக்குப் பின்னால் நின்று, அவன் திரும்பி நடக்கும்வரை காத்திருந்து, ஓசைப்படாமல் நழுவுகிறேன். வாழ்நாள் முழுக்கச் செய்ததும் இதுதான். வெளியே இதற்குக் கோழைத்தனம் என்று பெயர். இங்கே மதிப்பெண் தருகிறார்கள்.

இரவுச் சாப்பாட்டில் கோ.: "சீசன் நல்லா இருக்காம்லா. ஐந்தருவியில ஒருதடவ தலையக் காட்டிட்டு வந்துருவோமா?"

உமா: "மூச்சு விடக்கூடாது. இடுப்புல பிளேட் வச்சு ஒரு வருசம் ஆகல. அங்கன வழுக்கி விழுந்தா யாரு பாக்குதது?"

கோ. என்னைப் பார்த்தாள். நான் ரசத்தைப் பார்த்தேன்.

ஆடி 4, சனி

மின்கட்டணம் கட்டியாயிற்று. முதுகுவலி.

உமா கடைக்குப் போயிருந்தபோது கோ. வந்து பக்கத்தில் உட்கார்ந்து நான் ஆடுவதைப் பார்த்தாள். ஒவ்வொரு மூலைக்கும் முன்னால் ஆட்டத்தைச் சேமித்துவைப்பது என் பழக்கம். யாராவது பார்த்துவிட்டால் உடனே அழித்துவிட்டுப் பழைய இடத்திலிருந்து தொடங்குவேன்.

"எதுக்கு மறுபடி மறுபடி அதே சுவத்துக்கிட்டயே நிக்கிய?"

"பாத்துட்டானே."

"பாத்தா என்ன, செத்தா போயிட்டிய? ஓடுங்களேன்."

அழித்துவிட்டு மறுபடி தொடங்கினேன். பிறகு மெதுவாக, திரையைப் பார்த்தபடியே சொன்னாள்: "எனக்கு ஒரு தடவ போனாப் போதும். அடுத்த சீசன் வரைக்கும் இந்தக் கால் நடக்குமோ என்னமோ."

அவள் இரக்கத்துக்காகப் பேசுகிறவள் அல்ல. மழை வருமா என்று கேட்பதுபோலச் சொன்னாள். அதுதான் இரவெல்லாம் உறுத்தல்.

ஆடி 6, திங்கள்

பேருந்தில் குற்றாலம். அங்கிருந்து ஆட்டோவில் ஐந்தருவி. உமாவிடம் நூலக நண்பரைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். பொய்.

பார்த்து வைத்தவை: ஆட்டோ எதுவரை வரும். படிகள் எங்கே. எந்த இடத்தில் பாசி. காலையில் கூட்டம் குறைவு. உடை மாற்றும் அறை வாசல் வரை கைப்பிடி உண்டு.

ஆனால் பெண்கள் பகுதி? சிறுவயதிலிருந்து இந்த அருவிக்கு வருகிறேன். அந்தப் பக்கம் தலை திருப்பியதில்லை. அங்கே பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா, எவ்வளவு தூரம், ஒன்றும் தெரியாது. கொஞ்சம் தள்ளி நின்று, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன்.

"யோவ் தாத்தா! அங்கன என்ன பார்வை?"

பெண் காவலர். கையில் லத்தி.

"கம்பி… கம்பி இருக்கா என்று…"

"கம்பி எண்ணணுமா? வாங்க, ஸ்டேஷன்ல எண்ணலாம்."

மிளகாய் பஜ்ஜி கடைக்காரர் சிரித்தார். குளித்துவிட்டு வந்த குடும்பம் ஒன்று திரும்பிப் பார்த்தது. குடையை விட்டுவிட்டு வந்துவிட்டேன். திரும்பப் போய் எடுக்கத் தைரியமில்லை. கோட்டையில் எத்தனையோ காவலாளிகளை ஏமாற்றியவன், பட்டப்பகலில் பஜ்ஜிக்கடை முன்னால் மாட்டிக்கொண்டேன்.

கோ.விடம் சொன்னேன். சிரித்துச் சிரித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டாள்.

ஆடி 8, புதன்

எலும்பு டாக்டர். உமா மருந்துச் சீட்டோடு வெளியே போன நேரம் பார்த்து, கோ. அருவியில் குளிக்கலாமா என்று கேட்டேன், தலைகுனிந்தபடி. அவர்: "கனமா விழுத இடத்துல நிக்கக்கூடாது. ஓரமா, பிடிச்சுக்க ஆள் இருந்தா நிக்கலாம். வழுக்கிட்டா திரும்ப ஆபரேஷன்தான், பாத்துக்கங்க."

பிடிச்சுக்க ஆள். என் திட்டத்தில் முழுக்க நான்தான் அவள் கையைப் பிடித்திருந்தேன். பெண்கள் பகுதிக்குள் நான் எப்படிப் போக? என்ன படித்து என்ன.

மாலை ஆட்டம். மாடிப்படியில் ஒருவன் பார்த்துவிட்டான். கை வழக்கம்போல அழிக்கப் போனது. கோ. சொன்னது நினைவு வந்து நிறுத்தினேன். ஓடினேன். பந்தல் மேல் குதித்து, மீன் கூடைகளைத் தள்ளி, கடைசியில் கடலில் விழுந்தேன். சாகவில்லை. தண்ணீருக்கடியில் ஒரு குகைவாசல், அதன் வழியே கோட்டைக்குள் இன்னொரு பாதை. இத்தனை நாளும் அது அங்கேயே இருந்திருக்கிறது. மாட்டிக்கொண்ட பிறகும் ஆட்டம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஆடி 9, வியாழன்

போய் வந்தோம்.

உமா கிளம்பியதும் கோ. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டாள். ஆட்டோ. ஐந்தருவி. தூறல். கூட்டம் கொஞ்சம்தான். வாசலில் அதே பெண் காவலர்.

திரும்பிவிடலாம் என்றேன். கோ. என் கையை விடவில்லை. வேறு வழி? நேரே அவரிடம் போனேன். வாழ்க்கையில் போலீஸிடம் நானாகப் போனது முதல்முறை.

"அம்மா, அன்னைக்கு நான் பார்த்தது இவளுக்காகத்தான். இடுப்பில் ஆபரேஷன். பிடித்துக்கொள்ள உள்ளே ஆள் இல்லை."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "இத அன்னைக்கே வாயத் தொறந்து சொன்னா என்ன தாத்தா? உங்க குடை அவுட்போஸ்ட்ல கெடக்கு." லத்தியைக் கம்பத்தில் சாய்த்துவிட்டு, "வாங்க ஆச்சி, ஓரமா நிக்கணும், என்ன? தாத்தா, நீங்க அந்தப் பக்கம் திரும்பி நில்லுங்க."

திரும்பி நின்றேன். குரங்கு ஒன்று எதிரே உட்கார்ந்திருந்தது. அருவிச் சத்தம் மட்டும். அவள் விழுந்திருந்தால்கூட எனக்குக் கேட்டிருக்காது. மருத்துவமனைப் படுக்கை, உமாவின் முகம், எல்லாம் வந்து போயின. என்ன காரியம் செய்தேன்?

பிறகு அந்தக் காவலர் குரல்: "ஆச்சி, போதும், வாங்க!"

"கொஞ்சம் பொறு தாயி, இப்பத்தான தலை நனைஞ்சிருக்கு!"

எனக்குக் கண்ணாடி மங்கிவிட்டது. சாரல்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்து தடயம் நீக்கும் வேலை. ஈரச் சேலையை இஸ்திரி போட்டே காயவைத்தேன். உமாவின் ஹேர் டிரையரால் கோ.வின் தலை. ஆட்டோக்காரரிடம் தெருமுனையிலேயே இறக்கச் சொல்லியிருந்தேன். எதுவும் விடவில்லை என்று நிம்மதியாகக் கூடத்துக்கு வந்தால், சாப்பாட்டு மேசை நடுவில் தட்டு நிறைய, சீசனில் குற்றாலத்தில் விற்கும் ரம்புட்டான் பழம்.

"இது எப்ப வாங்கினே?"

"நீங்க குடை எடுக்கப் போனீயள்லா, அப்ப. அருவிக்குப் போயிட்டு வெறுங்கையோடயா வருவாக? பிள்ளைக்குப் பிடிக்கும்."

வாசலில் ஸ்கூட்டர் சத்தம். தட்டை எடுத்து அரிசிப் பானைக்குள் வைக்க நேரம் இருந்தது. கையும் தட்டு வரை போனது. அப்படியே விட்டுவிட்டேன்.

உமா வந்தாள். பழத்தைப் பார்த்தாள். அம்மாவின் தலையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது.

"உள்ள யாருப்பா பிடிச்சுக்கிட்டா?"

"போலீஸ்."

பையை வைத்துவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இரவுச் சாப்பாட்டுக்கும் வெளியே வரவில்லை. கோ. அசந்து தூங்குகிறாள். தண்ணீர் குடிக்கக் கூடத்துக்குப் போனேன். தட்டில் தோல்தான் மிச்சம்.