பளபளத்த ஹெட்டும் போய்விட்ட பஸ்ஸும்

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீயும் குட்டிப்பயலும் சுகமாக இருக்க வேண்டும். எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் நீ பரவாயில்லைம்மா என்று சொல்லிச் சட்டென்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளை கப்பலில் இருக்கிறார், பிரசவ வலி எடுத்தால் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நம் வண்டியே வாசலில் நிற்கட்டும் என்று சொன்னது உன் அப்பாதான். எஞ்சினுக்கும் அதன்மேல் மூடுகிற ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற கேஸ்கெட் பழசாகிவிட்டது, மாற்றிவிட்டுக் கிளம்புவோம் என்று பட்டறையில் வேனைப் பிரித்துப் போட்டார். வேறு யார் வண்டியாக இருந்தாலும் ஒட்டியிருக்கிற பழைய கேஸ்கெட்டைப் பிளேடால் பக்குவமாகச் சுரண்டி, துணியால் துடைத்து, இரும்பு ஸ்கேலை வைத்து மட்டம் பார்த்து, அதோடு விடுவார். இது மகளைப் பார்க்கப் போகிற வண்டியாயிற்றே! கிரைண்டரில் உப்புத்தாளை மாட்டி, ஹெட்டின் அடிப்பக்கத்தை முகம் தெரிகிற அளவுக்குத் தேய்த்தார். போதுங்க என்றேன், உனக்கென்ன தெரியும் என்றார். அலுமினியத்தில் அங்கங்கே பள்ளம் விழுந்துவிட்டது. அவசரத்தில் மட்டமும் பார்க்கவில்லை. அப்புறம் புது கேஸ்கெட் எப்படிப் படியும்? பாதி வழியில் தண்ணீர் ஆயிலில் கலந்து, பின்னால் ஒரே வெள்ளைப் புகை, வண்டி நின்றுவிட்டது.

இனிமேல் எழுதுவது உனக்குத் தெரியாது. ரோட்டோரத்தில் அவர் ஹெட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உன் ஊருக்குப் போகிற பஸ் ஒன்று நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து, "ஏறுறீங்களாம்மா, சாயங்காலத்துக்குள்ள இறக்கி விட்டுடுறோம்" என்றார். அப்பாவும் "நீ போ, நான் பின்னாலயே வந்துடுறேன்" என்றார். கையெல்லாம் ஆயிலும் அழுகிற முகமுமாக நின்ற மனுஷனை விட்டுப் போக மனம் வரவில்லை, வேண்டாம் என்று தலையாட்டிவிட்டேன். கடைசியில் வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பினோம். அன்றைக்கேதான் நீ பக்கத்து வீட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாய். அம்மா வந்தாச்சா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டே இருந்தாயாம், பக்கத்து வீட்டுக்காரிதான் சொன்னாள். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நேரத்தில் என் துணை யாருக்கு வேண்டும் என்று யோசிக்கக்கூடத் தெரியவில்லையே எனக்கு. அப்பாவிடம் பேரன் படத்தைக் காட்டினால் வெளிச்சம் சரியில்லை என்று எழுந்து போய்விடுகிறார். நட்ட நடுப்பகலில்!

தலையை ஈரமாக வைத்துக்கொள்ளாதே. அவன் தூங்கும்போது நீயும் கொஞ்சம் கண் மூடு. இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். கோபத்தை அப்பாமேல் காட்டாதே, அவர் கெடுத்தது ஹெட்டை மட்டும்தான், பஸ்ஸை விட்டது நான். ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் பஸ்ஸில் வருகிறோம். வர வேண்டாம் என்று தோன்றினால் இப்போதே சொல்லிவிடு. சொன்னாலும் வருவோம்.

உன் அம்மா