தோழிகள் முறை போட்டுப் பார்த்த கப்பல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், அப்பா, சின்னவள் மூன்று பேரும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீயும் உன்னோடு கப்பலில் இருக்கிறவர்களும் சுகம் என்பதை முந்தாநாள் உன் வாயாலேயே கேட்டுவிட்டதால், இந்த ஒரு வரியை இன்றைக்குத்தான் சந்தேகம் இல்லாமல் எழுத முடிகிறது. "தாண்டி வந்துட்டோம்மா, நல்லா இருக்கேன்" என்று நீ சொன்னதும் பேச வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று அதையே கேட்டுக்கொண்டிருந்தேன், அதற்குள் லைன் போய்விட்டது. அப்பா பக்கத்தில் போனுக்குக் கையை நீட்டியவர் நீட்டியபடியே நின்றார், அதற்காக என்னோடு அரைநாள் பேசவில்லை. அதனால் நடந்ததையெல்லாம் எழுதி, அடுத்த துறைமுகத்தில் உனக்குக் கிடைக்கிற மாதிரி கம்பெனி ஆபீசில் கொடுக்கப் போகிறேன். முக்கியமாக உன் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவள் தானாக உன்னிடம் வாயைத் திறக்க மாட்டாள்.

ஜலசந்தியில் சண்டை மூண்டு கப்பல்களையெல்லாம் நிறுத்திவிட்டார்கள் என்று செய்தி வந்ததிலிருந்து இந்த வீடு வீடாகவே இல்லை. கம்பெனியிலிருந்து வாரம் ஒரு தடவை ஒரு பெண் கூப்பிட்டு "எல்லாரும் பத்திரமா இருக்காங்க, கப்பல் நங்கூரம் போட்டு நிக்குது" என்று ஒப்பிப்பாள், மேலே எதைக் கேட்டாலும் அதையே மறுபடி சொல்வாள். அப்பா வீட்டு டிவியைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். ரிப்பேருக்கு வந்த மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றும்போது ஒரு கண் கம்பியில், ஒரு கண் செய்தியில். அதில் ஒருவருடைய மேஜை ஃபேனுக்கு இணைப்பை மாற்றிக் கொடுத்து, அது தலைகீழாகச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. அந்த மனிதர் அதைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து "ஃபேனுக்குப் பின்னாடி போய் உக்காந்தாதான் காத்து வருதுங்க" என்று பாவமாகச் சொன்னாராம், அப்பா அதற்குக்கூடச் சிரிக்கவில்லையாம். எனக்கு எதிர்மாறு, செய்தி காதில் விழுந்தாலே கையில் எடுத்தது எது என்று மறந்துபோகும். பல் டாக்டருக்குக் கருவி எடுத்துக் கொடுக்கிறவள் ஒன்றுக்கு ஒன்று மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று நீயே யோசித்துக்கொள். காத்திருக்கிற அறையில் இருந்த டிவியைக் குழந்தைகள் சேனலுக்கு மாற்றி ரிமோட்டை மேஜை டிராயரில் பூட்டி வைத்துவிட்டேன். கன்னம் வீங்கி வந்த பெரிய மனிதர்கள் எல்லாம் பொம்மைப் படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நல்ல மனுஷர்.

நாங்கள் இரண்டு பேரும் இப்படி ஆளுக்கொரு மூலையில் கிடந்தபோது சின்னவளை யார் கவனித்தது? பள்ளிக்கூடத்தில் கடைசி வருடம், உனக்குத் தெரியாததா, ஒரு மாதிரித் தேர்வு முடிந்தால் அடுத்தது தயார். அவள் படிக்கிறாள், சனிக்கிழமையானால் தோழிகளோடு வாலிபால் ஆடப் போகிறாள், பிறகு ஐஸ்கிரீம், எப்போதாவது சினிமா, எங்களைச் சாப்பிடுங்கள் என்று சொல்வதும் அவள்தான், ஆக அவளுக்கு ஒன்றும் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். திடீரென்று ஒருநாள் பௌதிக டீச்சர் எங்களை வரச் சொன்னார். வகுப்பில் தூங்கி விழுகிறாளாம், விடைத்தாளில் பாதி வெள்ளையாக விட்டிருக்கிறாளாம். "நல்லாப் படிக்கிற பொண்ணு, என்னன்னு பாருங்க, இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா என்னாலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. உன் கவலையில் இருந்த எனக்குக் கோபப்பட ஓர் ஆள் கிடைத்ததே என்று இருந்ததோ என்னவோ. பரீட்சை முடிகிற வரைக்கும் பந்தும் கிடையாது பாட்டும் கிடையாது என்று சொல்லி அவள் ஷூவை எடுத்து என் துணி அலமாரியில் வைத்துப் பூட்டினேன். அவள் வாய்க்கு வாய் பேசுகிறவள் ஆயிற்றே, குதிப்பாள் என்று பார்த்தால், சரி என்று ஒரு தலையாட்டல், அறைக்குள் போய்விட்டாள். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை காலையில் அவளோடு பந்து ஆடுகிற இரண்டு பெண்கள் வாசலில் வந்து நின்றார்கள். ஒருத்தியை எல்லோரும் நெட்டை என்பார்கள், நம் கதவு நிலையில் தலை தட்டும். இன்னொருத்திக்கு ரேடியோ என்று பெயர் வைத்திருக்கிறார்கள், ஏன் என்று ஐந்து நிமிஷம் அவளோடு இருந்தால் தெரிந்துவிடும். அன்றைக்கு ரேடியோ மூச்சு விடவில்லை, நெட்டைதான் பேசினாள். "ஆன்ட்டி, அவ ஷூவைக் கொடுங்க" என்றாள். வீடு தேடி வந்து கேட்கிற தைரியமா என்று நான் ஆரம்பித்ததும், "திட்டுங்க ஆன்ட்டி, ஆனா கேட்டுட்டுத் திட்டுங்க" என்றாள். அதன் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. கடலில் போகிற கப்பல் ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்று போனில் ஒரு வரைபடத்தில் பார்க்கலாமாமே, சின்னச் சின்னப் புள்ளியாகத் தெரியுமாம், எனக்கும் அப்பாவுக்கும் அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. உன் தங்கை நீ கப்பல் ஏறிய நாளிலிருந்து தினம் உன் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். சண்டை தொடங்கிக் கொஞ்ச நாளில் அந்தப் புள்ளி காணாமல் போய்விட்டது. கம்பெனிப் பெண் பத்திரம் பத்திரம் என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில், இந்த வீட்டில் அவள் ஒருத்தி மட்டும் உன் கப்பல் வரைபடத்திலேயே இல்லை என்று தெரிந்துகொண்டு, எங்களிடம் சொன்னால் உடைந்துவிடுவோம் என்று வாயை மூடிக்கொண்டு, போர்வைக்குள் போனை வைத்துத் தேடிக்கொண்டே இருந்திருக்கிறாள். நான் செருப்பு விடுகிற பலகையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நெட்டை பதறிப்போய் "புள்ளி இல்லன்னா கப்பல் இல்லன்னு அர்த்தம் இல்ல ஆன்ட்டி, சண்டை நடக்கிற இடத்துல எல்லாக் கப்பலும் அந்த சிக்னலை அணைச்சு வெச்சிருக்காங்க, எங்க ஜியாகிரபி சாரைக் கேட்டோம்" என்றாள். ரேடியோ உள்ளே ஓடித் தண்ணீர் கொண்டுவந்தாள், நம் வீட்டு டம்ளர் எங்கே இருக்கிறது என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

அந்தப் பெண்கள் என்ன ஏற்பாடு செய்தார்கள் தெரியுமா? சிரித்தால்கூடத் தப்பு செய்கிற மாதிரி இருக்கிறது, அக்கா அங்கே இருக்கும்போது நான் பந்து ஆடலாமா என்று சின்னவள் அழுதிருக்கிறாள். "நீ சிரிச்சா கப்பல் ஒண்ணும் முழுகிடாதுடி" என்று நெட்டை போட்டாளாம் ஒரு போடு. இனிமேல் வரைபடத்தையும் செய்தியையும் அவள் பார்க்கக் கூடாது, தோழிகள் முறை போட்டுப் பார்ப்பார்கள், ஏதாவது மாறினால் நல்லதோ கெட்டதோ ஒளிக்காமல் உடனே சொல்வார்கள், அதற்குப் பதில் அவள் தூங்க வேண்டும், படிக்க வேண்டும், சனிக்கிழமை ஆட வர வேண்டும். முறைக்காரி மணிக்கு ஒரு தடவைதான் பார்க்கலாம், சேனலில் கத்துகிறவர்கள் சொல்வது கணக்கில் சேராது, பாடம் நடக்கும்போது பார்க்கவே கூடாது. இதையெல்லாம் பேசி முடித்து அவளும் சம்மதித்த பிறகுதான் நான் ஷூவைப் பூட்டி வைத்திருக்கிறேன், அதனால்தான் வந்திருக்கிறார்கள். நான் சாவியைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, எனக்கும் ஒரு முறை கொடுங்கள் என்று கேட்டேன். ரேடியோவுக்கு அப்போதுதான் வாய் திறந்தது. "அம்மாங்களுக்குக் கிடையாது ஆன்ட்டி, நீங்க பார்க்க ஆரம்பிச்சா கண்ணை எடுக்க மாட்டீங்க" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் டிவியைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்து துணி போட்டு மூடிவிட்டார். சின்னவள் ஆட்டம் முடிந்து வந்து இரண்டு தட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, முகம்கூடக் கழுவாமல் சோபாவிலேயே தூங்கிப்போனாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்து அவள் தூங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அதிலிருந்து சனிக்கிழமை கிளினிக் மூடியதும் நானும் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தேன். முறைக்காரி பெஞ்சில் போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், மற்றவர்கள் ஆடுவார்கள், நான் போனைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். போன சனிக்கிழமை ரேடியோவின் முறை. பக்கத்துப் பள்ளிக்கூடத்தோடு பந்தயம், ஆட்டம் சூடாகப் போய்க்கொண்டிருந்தது. ரேடியோ போனைத் திருப்பிப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள், எழுந்து நின்றாள். வாய் திறக்கிறது, சத்தம் வரவில்லை. அவள் நேரே ஆட்டத்துக்கு நடுவே நடந்து போகிறாள், பந்து அவள் தோளில் பட்டுத் தெறிக்கிறது, நடுவர் விசில் ஊதுகிறார், எதிர் அணிப் பெண்கள் கத்துகிறார்கள், அவள் எதையும் சட்டை செய்யாமல் உன் தங்கையின் முகத்துக்கு நேராகப் போனை நீட்டினாள். சின்னவள் பார்த்தாள், பார்த்தபடியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எப்படி ஓடினேன் என்று எனக்கே தெரியாது, கைப்பையைப் பெஞ்சிலேயே விட்டுவிட்டேன். "புள்ளி வந்துடுச்சும்மா, ஜலசந்தியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துடுச்சு, ஓடிட்டு இருக்குது பாரு" என்று என் காலைக் கட்டிக்கொண்டு அழுகிறாள், நெட்டை எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டு அழுகிறாள். விசிலை வாயில் வைத்தபடியே நின்ற நடுவர், யாரோ விஷயத்தைச் சொன்னதும் விசிலைப் பையில் போட்டுக்கொண்டு "மெதுவா ஆரம்பிக்கலாம்" என்றார். கொஞ்ச நேரத்தில் சின்னவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து "யாரு சர்வீஸ்?" என்று கேட்டாள் பார், அப்போதுதான் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டத்தில் படுதோல்வி, அதைப் பற்றி யாருக்குக் கவலை. அப்பாவுக்குப் போன் போட்டேன், சரி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். உடனே திரும்பக் கூப்பிட்டு "எந்தப் பக்கம்னு சொன்ன?" என்றார். சொன்னேன். மறுபடி கூப்பிட்டு "நல்லாப் பார்த்தியா?" என்றார். அன்றைக்குக் கடையில் அதற்கு மேல் வேலை நடக்கவில்லை.

இப்போது வீடு பழையபடி ஆகிவிட்டது. பௌதிகத்தில் தப்பித்துவிட்டாள், முதல் மார்க் எல்லாம் இல்லை, ஆனால் தாளில் வெள்ளை இடம் இல்லை, டீச்சர் என்னைப் பார்த்ததும் சிரித்தார். பொதுத்தேர்வு நெருங்கிவிட்டது, சமையலறை மேஜையில் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு நான் பாத்திரம் வைக்க இடம் இல்லாமல் செய்கிறாள், நான் திட்டுகிறேன், திட்ட முடிகிறதே என்று சந்தோஷமாக இருக்கிறது. அந்தப் பெண்கள் ஏற்பாட்டைக் கலைக்கவில்லை. அவர்கள் வகுப்பில் ஒரு பையன், அவனுடைய அண்ணன் வேலைக்குப் போன ஊரில் இப்போது நிலநடுக்கம், தகவல் ஒன்றும் இல்லை. இந்தச் சனிக்கிழமை அவனுக்காக உன் தங்கையின் முறை, அவனை ஆட அனுப்பிவிட்டு இவள் பெஞ்சில் உட்காரப் போகிறாளாம். பரீட்சைக்கு இத்தனை கிட்டத்தில் இது தேவையா என்று ஒரு நிமிஷம் எனக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

நீ உடம்பைப் பார்த்துக்கொள். எஞ்சின் அறைச் சூட்டில் நிற்கிறவள், தண்ணீர் குடிக்க யாரும் ஞாபகப்படுத்த மாட்டார்கள், நீயேதான் குடிக்க வேண்டும். கூட வேலை செய்கிறவர்களோடு முறைத்துக்கொள்ளாதே, இத்தனை நாள் ஒரே பயத்தைப் பங்கு போட்டவர்கள் அவர்கள். அந்த ஒரு மாதம் அங்கே எப்படி இருந்தது என்று நீ எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் தோண்டிக் கேட்கப் போவதில்லை. ஒன்று மட்டும் மறக்காமல் செய். அடுத்த தடவை லைன் கிடைத்தால் முதலில் எனக்கும் அப்பாவுக்கும் வேண்டாம், உன் தங்கைக்குப் பேசு. எங்களிடம் "நல்லா இருக்கேன்" என்று சொல்லி முடித்துவிடுவாய், அவளிடம் பயந்ததையும் சொல்வாய். அவளால் தாங்க முடியும், அதை நான் என் கண்ணால் பார்த்துவிட்டேன்.

எங்கே இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கி எழுந்து, நீண்ட ஆயுசோடு நன்றாக இரு. அப்பா தனியாக எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார், எழுத மாட்டார், அதனால் அவருடைய ஆசீர்வாதத்தையும் இதிலேயே சேர்த்துவிட்டேன்.

உன் முகத்தைப் பார்க்கிற நாளுக்காகக் காத்திருக்கும்,
அம்மா