ஆள் கூட்டிவரப் போன நேர்ஸ்

ஞாயிறு இரவு. எழுதத் தெரியாததால் போனில் பேசி வைக்கிறேன்.

சூறாவளியில் தென்னைகள் எல்லாம் விழுந்த வருடம் அது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில், தாய் பிழைக்கக் கருவை எடுக்கவேண்டும் என்றார் டாக்டர். “என்ட மனச்சாட்சி விடாது ஐயா” என்று மறுத்த நேர்ஸ், முறிந்த மரங்களைத் தாண்டி ஆரையம்பதிக்கு நடந்தே போய் தனக்குப் பதிலாக வேறொரு நேர்ஸைக் கூட்டிவந்தாள்.

இன்று நேர்ஸான என் மகளும் அதே வேலைக்கு மறுத்திருக்கிறாள்.

“பிறகு ஆர் செய்தது, மகள்?”

“எனக்கென்ன தெரியும்? டியூட்டி முடிஞ்சி வந்திட்டன். மறுக்கிற எங்களக் காப்பாத்தச் சட்டம் வேணும். உங்களுக்கு விளங்காது அப்பா.”

சட்டம் வரட்டும். கட்டிலில் கிடந்தவளை யாரிடம் விட்டு வந்தாள்?

அன்று அந்த அறையில் இருந்த டாக்டரும் இல்லை, நேர்ஸ்மார் இருவரும் இல்லை. மிஞ்சியிருப்பது அன்று கட்டிலில் கிடந்தவள், பிறகு இந்த மகளைப் பெற்றவள், என் பூமணி மட்டும்தான்.