இடது கை தூக்கியவர்களின் நோட்டு

இன்று காலை பஸ்ஸில் ஏறியதுமே மல்லிகை வாசனை முகத்தில் அடித்தது. திண்டுக்கல்லில் பூ மூட்டைகளை இறக்கிவிட்டு ஊருக்குத் திரும்புகிற அதே பஸ்தான். பின் டயருக்கு மேலே, நம்ம சீட்டில், யாரோ உட்கார்ந்திருந்தார்கள். “எந்திரிங்க, அவ வருவா” என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. நீ போய் எட்டு மாசமாகிறது, இன்னும் எனக்குப் புத்தி வரவில்லை. ரெட்டியார்சத்திரம் தாண்டியும் நின்றுகொண்டேதான் போனேன். உட்கார இடம் கிடைத்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன். இன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு அதிகாரி வருகிறார் என்று நேற்றே போன் வந்திருந்தது.

உன் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லை. அறிவியல் டீச்சரான நான்தான் உன் இங்கிலீஷையும் சேர்த்து இழுக்கிறேன். பாடத்தை எடுத்தால் எனக்கே நாக்கு உலர்ந்துபோகிறது. சிரிக்காதே. சரி, சிரி.

உனக்கு ஞாபகம் இருக்கும், அந்த வித்தையைச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதிகாரி கேள்வி கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் கை தூக்க வேண்டும். தெரிந்தவர்கள் வலது கை, தெரியாதவர்கள் இடது கை. நாம் வலது கையாகப் பார்த்து எழுப்பிவிட்டால் போதும். வந்தவர் வகுப்பே கை தூக்கியதில் குளிர்ந்துபோய் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். நான் பெருமையாகச் சொல்லி முடித்ததும் நீ என்னை ஒரு மாதிரி பார்த்தாய். “இடது கை யாருன்னு நமக்குத் தெரியுதுல்ல? அப்புறம் அவுகள என்னடி பண்ணுனோம்?” என்றாய்.

பிள்ளைகள் முன்னால் ‘டீச்சர்’, பஸ்ஸில் ‘டீ’. அதுதான் நீ. அன்றைக்கே நீள நோட்டு ஒன்று வாங்கினாய். அதிகாரி ஒவ்வொரு தடவை போன பிறகும், இடது கை தூக்கிய பெயர்களை எழுதிவைத்துக்கொண்டு, கடைசிப் பீரியட் முடிந்ததும் அவர்களை மட்டும் கூப்பிட்டு உட்காரவைப்பாய். பாடம் புரிந்து இடதிலிருந்து வலதுக்குக் கை மாறிய பிள்ளையின் பெயரை நோட்டில் அடித்துவிடுவாய். எனக்கு எரிச்சலாக வரும். “நாலேகால் பஸ்ஸ விட்டா ஆறு மணிக்குத்தான்டி” என்று கத்துவேன். “நீ போ, நான் வாரேன்” என்பாய். ஒரு நாளும் என்னால் போக முடிந்ததில்லை, புலம்பிக்கொண்டே வாசலில் நிற்பேன்.

அந்த நோட்டின் கடைசிப் பெயர் பாண்டீஸ்வரி. விடியும் முன்னே பூ எடுக்கப் போய்விட்டு வருகிறவள். முதல் பீரியட் இங்கிலீஷ் முடிகிற நேரத்துக்குத்தான் வந்து நிற்பாள். புத்தகத்தில் ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தைக்கும் மேலே அதன் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டு அதைத்தான் வாசிப்பாள். ஆஸ்பத்திரியில், பேசவே மூச்சு வாங்குகிற நிலைமையில் நீ என்னைக் கேட்டது இதைத்தான். “பாண்டீஸ்வரி கை மாறிருச்சாடி?”

“மாறிருச்சு. வலது கைதான் தூக்குறா” என்றேன்.

“அப்பாடா” என்று கண்ணை மூடிக்கொண்டாய். அதற்கப்புறம் ரெண்டே நாள்.

அது பொய்யடி. நீ போன பிறகு அந்த நோட்டை நான் திறக்கவே இல்லை. நாலேகால் பஸ்ஸை ஒரு நாளும் விடவில்லை.

இன்றைக்கு அதிகாரி பத்தாம் வகுப்புக்கு வந்து, இங்கிலீஷ் புத்தகத்தைக் காட்டி, “இந்தப் பத்திய யார் வாசிக்கறது?” என்றார். அத்தனை கையும் மேலே போனது. நான் வலது கையைத் தேடுவதற்குள் அவரே மூன்றாவது பெஞ்சைக் காட்டிவிட்டார். பாண்டீஸ்வரி எழுந்தாள். தன் கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“இது இடது கை சார். இடது கை தூக்குனா கேக்க மாட்டாங்கன்னு டீச்சர் சொல்லிருக்காங்க.”

சூது வாது எதுவும் இல்லை அந்தக் குரலில். ஏதோ தப்பு நடந்துவிட்டது, டீச்சர் சரிசெய்வார் என்று நம்பிக்கொண்டு நின்றாள். கையை இறக்க வேண்டுமென்று வகுப்பில் யாருக்கும் தோன்றவில்லை. முக்கால்வாசி இடது கை. அவரும் பார்த்தார், நானும் பார்த்தேன். ஐயோ, எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவர் எதையோ எழுதிக்கொண்டு போனார். மெமோ வரும். வரட்டும்.

சாயங்காலம் உன் பீரோவைத் திறந்து நோட்டை எடுத்தேன். பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டேன். திட்டப்போகிறேன் என்று நினைத்து அழுதேவிட்டாள். “நீ ஏன்டா அழுகுற, அழுக வேண்டியவ நானு” என்று சொல்லி ரப்பரைக் கொடுத்தேன். பென்சில் எழுத்தையெல்லாம் அழிக்கச் சொன்னேன். ஒரு வரியை எழுத்துக் கூட்டி வாசித்தாள். ஐந்தே வார்த்தை. நடுவில் நானும் ஒன்றைத் தப்பாகச் சொல்லித் திருத்திக்கொண்டேன். நாலேகால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே போனது எங்கள் இருவருக்கும் கேட்டது.

நோட்டு இப்போது என் பையில் இருக்கிறது. பாண்டீஸ்வரிக்குக் கீழே உன் எழுத்தை ஒட்டியே என் எழுத்தில், இன்றைக்கு இடது கை தூக்கிய இருபத்திரண்டு பெயர். அவள் கை இன்னும் மாறவில்லையடி. அவள் பெயரை நான் அடிக்கிற அன்றைக்குத்தான், உன்னிடம் சொன்னது பொய் இல்லையென்று ஆகும்.