புறாக்களுக்குக் கொட்டிய தினை

என் வீட்டுக்காரர் சின்ஃபோரியானோ அவர்களுக்கு, ஏவுலோகியா வணக்கத்தோடு எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மார்புக்கான சிகிச்சையெல்லாம் முடிந்து நான் சமையல் வேலைக்குத் திரும்பிவிட்டேன். தினமும் காலையில் நடக்கவும், சுவரில் விரல்களை ஏற்றிக் கையை உயர்த்திப் பழகவும் டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

மார்பை எடுத்துவிட்ட பக்கத்துக்குக் கனம் வேண்டுமே என்று, ஆஸ்பத்திரியில் என்னைப் போன்ற மற்றப் பெண்கள் செய்வதுபோல, பறவைக்குப் போடும் தினையைத் துணிப்பையில் தைத்து உள்ளாடைக்குள் வைத்துக்கொள்கிறேன். செவ்வாயன்று பூங்காவில் நடக்கும்போது தையல் விட்டுவிட்டது. தினை கொட்டக் கொட்ட, பியூனஸ் அய்ரஸ் புறாக்கள் அத்தனையும் என் பின்னால் வந்தன.

என் சூப்பைக் கழுவுதண்ணி என்று சொன்னாளே பக்கத்து வீட்டு நில்டா, அவள்தான் முதலில் பார்த்தாள்.

“என்னடி, புறாவுக்கு மட்டும் விருந்தா? எங்களக் கூப்பிடலையே!”

பூங்காவில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு அவளே தன் சால்வையை என்மேல் போர்த்தி, “எனக்கும் இடது பக்கம் தினைதான். பேசாம நடடி,” என்றாள். அப்போதுகூட சூப்புக்கு மன்னிப்புக் கேட்கவில்லை.

அன்றிலிருந்து நான் நடக்கப் போகவில்லை. பயிற்சி விட்டதில் கை வீங்கிக் கனத்து வருகிறது. நில்டா தினமும் வாசலில் நின்று கூப்பிடுகிறாள். பேரன் பேத்தி எடுத்தவள், கதவுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறேன்.

உங்கள் தங்கையிடம் சொல்லிவிடாதீர்கள். நம் கல்யாணத்தன்று அவள் சிரித்த சிரிப்பே போதும்.

புதுப் பை தைக்க, உங்கள் பழைய பருத்திச் சட்டை ஒன்றை ஊரிலிருந்து இங்கே வரும் என்கர்னாசியோன் பஸ்ஸில் கொடுத்தனுப்புங்கள். கடைத்துணி தழும்பில் உறுத்துகிறது. சட்டையைத் துவைக்க வேண்டாம். அது வந்ததும் கதவைத் திறந்து நில்டாவோடு போகிறேன். அடுப்பில் பால் பொங்குகிறது.

ஏவுலோகியா