டோரீன், இருக்கியா?

லாட்டா,
9 பெப்ரவரி 1988

அன்பு மேபல்,

போலீஸ்காரர்கள் உன்னிடம் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொல்லும் விதம் எனக்குத் தெரியும். அதனால்தான் நானும் எழுதுகிறேன். நாளைக்கு விமானம் வந்தால் இது அதில் போகும். மழை விட்டால்தான் வரும்.

உன் ஆம்ப்ரோஸ் போன மாதக் கடைசியில் இங்கே சட்டசபைக் கட்டடத் தச்சு வேலையிலிருந்து ஒரு வாரம் லீவு கேட்டு, அம்மாவைப் பார்க்க ரீஃப் தீவுக்குப் போனார். திரும்புவதற்கு டைட்டஸின் மோட்டார் படகில் ஏறியிருக்கிறார். வெள்ளிக்கிழமை காலை கிளம்பிய படகு. ஏழு பேர். சாயங்காலத்துக்குள் இங்கே வந்திருக்க வேண்டும், வரவில்லை. அங்கேயே தங்கிவிட்டார்கள் என்று நாங்கள் நினைத்தோம், வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று அங்கே நினைத்திருக்கிறார்கள். அரசுக் கப்பல் வெள்ளி முழுதும் நம் விரிகுடாவில்தான் நங்கூரம் போட்டு நின்றது. யாருக்கும் எதுவும் தெரியாததால் சனி விடியற்காலை அதுவும் வனிக்கோரோ தீவுக்குப் போய்விட்டது. ஞாயிறு பூசை முடிந்த பிறகுதான் தேட ஆரம்பித்தோம்.

விமானம் இரண்டு தடவை சுற்றிப் பார்த்தது. இளைஞர்கள் எரிமலைத் தீவின் பின்பக்கம் வரை படகில் போய் வந்தார்கள். ஒரு பலகை கிடைத்தது. டைட்டஸின் படகு நீலம், இதுவும் நீலம். வேறு எதுவும் இல்லை.

நான் உட்காரும் கடை ரேடியோவில் ஒன்றும் வரவில்லை.

சாப்பிடாமல் இருக்காதே. பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் விடாமல் உன் கூடவே வைத்துக்கொள். நான் இங்கே ஜெபம் செய்கிறேன் என்று எழுதக் கை வரவில்லை, ஆனாலும் செய்கிறேன்.

உன்
டோரீன்


குகும், ஹோனியாரா,
24 பெப்ரவரி

என் டோரீனுக்கு,

உன் கடிதம் வந்தது. திரும்பத் திரும்ப மடித்ததில் மடிப்பில் கிழிந்துவிட்டது.

முதல் வாரம் நான் பாயை விட்டு எழவில்லை. பெரியவன்தான் தங்கைக்குச் சோறு போட்டான். அவனுக்கு ஒன்பது வயது, உனக்குத் தெரியும். வேலைக்குத் திரும்பிவிட்டேன். டைப் அடிக்கும்போது மட்டும் தலைக்குள் ஒன்றும் ஓடுவதில்லை.

ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. உன் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் என்னைக் காப்பாற்றுகிறது. ரேடியோவில் ஒன்றும் வரவில்லை என்று எழுதியிருந்தாயே, அதுதான். பாதிரியாரிடம் காட்டினேன். அவர் சொன்னார்: "கூப்பிட நேரமே இருந்திருக்காது, மேபல். ஒரு பெரிய அலை, அவ்வளவுதான். அவருக்குப் பயப்படக்கூட நேரம் இருந்திருக்காது." நானும் அப்படியே பிடித்துக்கொண்டேன். பிள்ளைகளிடமும் அதையே சொல்கிறேன். அப்பா ஒரு நிமிஷத்தில் தூங்கிவிட்டார், வலிக்கவில்லை என்று. சின்னவள் தினமும் கேட்கிறாள், தினமும் சொல்கிறேன்.

ஆனால் பகலில் புத்தி வேறு மாதிரி கேட்கிறது. படகில் ரேடியோ இருந்ததே, அது வேலை செய்ததா? அதைப் பார்த்துக்கொண்டது யார்? உனக்குத் தெரியாத படகு அங்கே இல்லை. விசாரித்து எழுது.

உன் சின்ன மேபல் எப்படி இருக்கிறாள்? மலேரியா என்று ஜனவரியில் எழுதியிருந்தாய். என் பெயரை வைத்துக்கொண்டு இத்தனை காய்ச்சல் ஆகாது என்று அவளிடம் சொல்.

அன்புடன்
மேபல்


லாட்டா,
20 மார்ச்

அன்பு மேபல்,

பதிலுக்குத் தாமதமானதற்குக் கோபிக்காதே. கப்பல் மூன்று வாரமாக வரவில்லை. கடையில் அரிசி தீர்ந்து, மாகாண அலுவலகத்துக்காரர்கள்கூட மரவள்ளி சாப்பிடுகிறார்கள்.

போன ஞாயிறு ஏழு பேருக்கும் சேர்த்துப் பூசை நடந்தது. ஊர் முழுக்க வந்திருந்தது. ஆம்ப்ரோஸின் அம்மா சார்பில் ரீஃப் தீவு ஆட்கள் உலர்த்திய ஈரப்பலாக்காய் ஒரு கூடை கொண்டுவந்தார்கள். பாட்டுக்கு நடுவில் கூரைத் தகரத்தில் மழை கொட்டி யார் பாடுவதும் கேட்கவில்லை. அதுவும் நல்லதுதான்.

புதுச் சட்டசபைத் திறப்பு விழா ஜூனுக்குத் தள்ளிப் போய்விட்டது. ஆம்ப்ரோஸ் அறுத்து வைத்த உத்தரங்களை ஏற்ற இன்னொரு தச்சன் வர வேண்டும்.

ரேடியோவைப் பற்றிக் கேட்டாய். டைட்டஸின் அண்ணன் லெமுவேல்தான் படகின் எஞ்சினையும் ரேடியோவையும் பார்த்துக்கொண்டவர். பாட்டரி செத்துப்போயிருந்தது, தெரிந்தும் தம்பியைப் போக விட்டார் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அவர் இல்லை என்கிறார். கடை வாசலில் என்னிடமே வந்து சொன்னார்: "புது பாட்டரிம்மா. நானே மாட்டினேன். கூப்பிட்டிருந்தா உனக்குக் கேட்டிருக்கணும்." நான் கடைக்குள் போய்விட்டேன். பாக்குக் கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் மற்றவர்கள் எழுந்து போகிறார்கள். அவர் தோட்டத்தில் வள்ளிக்கிழங்குக் கொடிகளை யாரோ இரவோடிரவாகப் பிடுங்கிப் போட்டிருந்தார்கள்.

சின்ன மேபலுக்கு இப்போது காய்ச்சல் இல்லை. உன்னை விசாரித்தாள்.

மழை நிற்கவே இல்லை. சந்தை மரத்தடியில் முழங்கால் அளவு சேறு.

உன்
டோரீன்


ஹோனியாரா,
12 ஏப்ரல்

டோரீனுக்கு,

நீ இரண்டு பக்கம் எழுதுகிறாய், அதில் ஒரு பக்கம் மழை. பள்ளி விடுதியில் இருந்தபோது, எதையாவது உடைத்துவிட்டால் நீ மதர் ஆக்னஸிடம் இப்படித்தான் வானிலை பேசுவாய். ஆம்ப்ரோஸின் உடம்பு கிடைத்துவிட்டதா? சுறா பாதி தின்ற நிலையில் கிடைத்து, எனக்குச் சொல்ல மனமில்லாமல் புதைத்துவிட்டீர்களா? என் கொழுந்தன் அப்படித்தான் இருக்கும் என்கிறான். எதுவானாலும் சொல்லிவிடு. எழுதினால் தாங்கிக்கொள்வேன். மறைத்தால்தான் தாங்காது.

திறப்பு விழாவுக்கு வருகிறேன். முதலாளியம்மா டிக்கெட்டுக்கு உதவுகிறேன் என்றிருக்கிறார். விழா எனக்கு வேண்டாம். அந்த லெமுவேலைப் பார்க்க வேண்டும். எல்லோர் முன்னாலும் நிற்க வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பேன்: "ஏழு பேரை ஏத்தி அனுப்புறப்போ அந்தப் பாட்டரியை ஒரு தடவை தொட்டுப் பாக்க உனக்கு என்ன கேடு?" அவர் தம்பியும் போனான் என்கிறார்கள். போகட்டும். அவர் வீட்டுக்கு வேறு சாபம் தேடிப் போக வேண்டியதில்லை, நான் வருகிறேன்.

இப்படியெல்லாம் பேசுகிறவள் இல்லை நான், உனக்குத் தெரியும். யார் மீதாவது கோபம் இருந்தால் காலையில் எழுந்திருக்க முடிகிறது.

உன் வீட்டில்தான் தங்குவேன். பாய் ஒன்று தயாராக வை.

மேபல்


லாட்டா,
5 மே 1988

மேபல்,

ஆம்ப்ரோஸின் உடம்பு கிடைக்கவில்லை. நான் மறைப்பது வேறு.

அந்த வெள்ளிக்கிழமை சின்ன மேபலுக்கு மூன்றாம் நாள் காய்ச்சல். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் கடையின் ரேடியோ அறைக்கே தூக்கிவந்து மேசைக்கடியில் பாய் விரித்துப் படுக்க வைத்தேன். இரண்டு இரவாக அவளும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. மதியம் இரண்டு மணிக்குக் கண் மூடினாள். ரேடியோ கரகரவென்று இரைந்துகொண்டிருந்தது. பகல் முழுக்க அதைத் திறந்து வைத்திருக்க வேண்டும், அதற்குத்தான் எனக்குச் சம்பளம். நான் சத்தத்தைக் குறைத்தேன். முழுவதும் குறைத்துவிட்டேன். பிறகு அவள் பக்கத்தில் நானும் சாய்ந்தேன்.

எழுந்தபோது நாலரை மணி. சத்தத்தைக் கூட்டினேன். வெறும் இரைச்சல்தான். ஐந்து மணிக்கு வழக்கம்போல எல்லாத் தீவுகளையும் கூப்பிட்டு, அவர்கள் அனுப்பும் வாழைக்குலையையும் கேட்கும் சீமெண்ணெயையும் எழுதிக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை போலீஸ் கேட்டபோது ஒன்றும் வரவில்லை என்றேன். அது பொய் என்று எனக்கே அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள நான் விரும்பவும் இல்லை. விரும்பியிருந்தால் அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தையாவது சொல்லியிருப்பேன்.

போன வாரம் வெளித்தீவுப் பாதிரியாரின் மனைவி எடித் இங்கே ஆஸ்பத்திரிக்கு வந்தாள். அவர்கள் மிஷன் ரேடியோவில் கேட்க முடியும், பாட்டரி பலவீனம், பேசினால் யாருக்கும் எட்டாது. என்னைப் பார்க்க வந்தவள் சும்மா கேட்டாள்: "அன்னிக்கு அவங்களுக்கு நீங்க என்ன பதில் சொன்னீங்க? என் செட்டுல உங்க குரல் மட்டும் கேக்கல." லாட்டாவில் நாங்கள் கேட்டுக்கொண்டுதான் இருந்தோம் என்று மூன்று மாதமாக நம்பிக்கொண்டிருக்கிறாள் அவள்.

மூன்று மணிக்கு முதலில் டைட்டஸ் பேசியிருக்கிறார். எஞ்சின் நின்றுவிட்டது, தண்ணீர் வருகிறது, இறைத்துக்கொண்டிருக்கிறோம், எரிமலைக்கு வடக்கே இருக்கிறோம் என்று இடத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறார். கொஞ்ச நேரம் கழித்து ஆம்ப்ரோஸ். எடித் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். உனக்குச் சேர வேண்டியது, என்னிடம் இருக்கக் கூடாது.

"டோரீன், நான் ஆம்ப்ரோஸ். இருக்கியா?"

பிறகு: "டோரீன், தூங்கிட்டியா? எழுந்திரும்மா." சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

நாலு மணிக்கு ஒரு தடவை என் பெயரை மட்டும் சொன்னார். அப்போது சிரிக்கவில்லை. அதன் பிறகு எடித்துக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அந்த நேரத்தில் அரசுக் கப்பல் என் ஜன்னலுக்கு நேராக நின்றுகொண்டிருந்தது. நான் ஓடிப்போய்ச் சொல்லியிருந்தால் இருட்டுவதற்குள் அங்கே போய்ச் சேர்ந்திருக்கும்.

லெமுவேலின் பாட்டரி நன்றாகத்தான் இருந்தது. அவரை எதுவும் கேட்காதே. இந்தக் கடிதத்தை ஏற்றிக்கொண்டு கப்பல் நாளைக் காலை கிளம்பும். ஞாயிறு கோயிலில் எழுந்து நின்று ஊருக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முன்னால் நேராக அவர் வீட்டுக்குப் போவேன். உனக்கு முதலில் எழுதிவிட வேண்டும் என்றுதான் கப்பலுக்காகக் காத்திருந்தேன்.

ஒரு நிமிஷத்தில் முடிந்துவிட்டது என்று நீ பிடித்துக்கொண்டிருந்ததையும் பிடுங்கிவிட்டேன். பிடுங்காமல் இருந்தால் லெமுவேலை இங்கே கொன்றுவிடுவார்கள். இரண்டில் எது பெரிய பாவம் என்று மூன்று நாள் யோசித்தேன்.

மன்னிப்பு கேட்டு எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டேன். கேட்க வாய் இல்லை.

டோரீன்


ஹோனியாரா,
14 ஜூன் 1988

டோரீனுக்கு,

விழாவுக்கு நான் வரவில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

நீ கோயிலில் எழுந்து நின்றதைக் கேள்விப்பட்டேன். கடையில் வேலை போனதும், தண்ணீர்க் குழாயடியில் யாரும் உன்னோடு பேசுவதில்லை என்பதும் தெரியும். அந்த ஊரிலிருந்து இங்கே வருகிற ஒவ்வொருவரும் அதைத்தான் சொல்கிறார்கள். லெமுவேல் மட்டும் உன் வீட்டுக்கு மீன் அனுப்பினாராம். அவர் பெரிய மனிதர். அவருக்கு நான் தனியாக எழுதியிருக்கிறேன்.

நீ தூங்கியதற்கு என்னிடம் கோபம் இல்லை. தேடிப் பார்த்தேன், இல்லை. காய்ச்சல் பிள்ளை கண் மூடினால் நானும் சத்தத்தைக் குறைத்திருப்பேன், நானும் பக்கத்தில் படுத்திருப்பேன். சின்ன மேபலிடம் யாராவது இதைச் சொல்லி வளர்த்தால் அவர்கள் வாயை அடை. அவள் ஒன்றும் செய்யவில்லை.

ஆனால் பெப்ரவரிக் கடிதத்தை எழுதும்போது நீ விழித்துத்தான் இருந்தாய். மார்ச்சிலும் விழித்துத்தான் இருந்தாய். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் உயிரோடு இருக்கிறேன் என்று எழுதினேன், நீ படித்தாய், மழையைப் பற்றிப் பதில் எழுதினாய். அதைத் தாண்டி வர எனக்கு வழி தெரியவில்லை. இனி எழுதாதே. ஹோனியாரா வந்தால் இந்தப் பக்கம் வராதே. வாசலில் உன்னைப் பார்த்தால் உள்ளே வா என்றுதான் என் வாய் சொல்லும், அப்படிப் பழகிவிட்டது. அதற்கு எனக்கு இன்னும் பலம் இல்லை.

பிள்ளைகளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அப்பா உடனே தூங்கவில்லை, நடுக்கடலில் தண்ணீர் இறைத்தார், ரேடியோவில் கூப்பிட்டார், ஒரு தடவை சிரிக்கவும் செய்தார் என்று. பெரியவன் வெளியே போய்விட்டான். சின்னவள் மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, யாரைக் கூப்பிட்டார் என்று கேட்டாள்.

உன் அம்மாவை என்று சொல்லிவிட்டேன்.

மேபல்